கை வைத்து லிங்க் வாங்கியவர்

லிங்க் அண்ணன் ஒருவரை அடிக்கப் போகிறார் என்பது எனக்கு அரை நிமிடம் முன்னாலேயே தெரிந்துவிடும். இடது கையில் இருக்கும் கடிகாரத்தைக் கழற்றுவார். அதன் கொக்கி அவ்வளவு லேசில் விடாது. அவசரப்படாமல் கழற்றி, பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவார். பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் நான்தான். இரண்டு வருடத்தில் அந்தக் கடிகாரத்தை ஒன்பது முறை கையில் வாங்கியிருக்கிறேன். ஒன்பதாவது முறை, ஜெஞ்சாரோமில், ஒரு லோரி ஓட்டுநருக்கு வலது கண் போயிற்று.

கண் போனால் லோரி லைசென்ஸும் போகும். ஐம்பது வயதில் வேறு எந்த வேலைக்கு எடுப்பார்கள்? அந்த மனிதருக்கு நியாயம் கிடைப்பதும் கிடைக்காததும் என் வாயில் இருந்தது. "இவர் இல்லை, நிறுத்துங்கள்" என்று நான் சொன்னது கடைசி அடிக்கு முன்னாலா பின்னாலா என்று போலீஸ் கேட்டது. பின்னால் என்றால் ஆள் மாறிப்போன கைகலப்பு. முன்னால் என்றால் தெரிந்தே செய்த கொடுமை. அடித்தவரையும் அடி வாங்கியவரையும் தவிர அந்த அறையில் இருந்தது நான் மட்டும்தான்.

அண்ணனின் உண்மைப் பெயர் வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் யாருக்கும் அவர் பெயர் தெரியாது, லிங்க் அண்ணன் என்றால்தான் தெரியும். மாலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டு மேசை, ஒரு ஏர்கான், கீழேயிருந்து நாள் முழுக்க ஏறி வரும் மல்லிகை வாசம். ஒரு மேசை எனக்கு. இன்னொன்று அவருக்கு, ஆனால் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருடைய வேலை எல்லாம் வெளியேதான்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெப்சைட்டுக்கு வேறு எந்தெந்த வெப்சைட் லிங்க் கொடுத்திருக்கிறது என்று பார்த்துத்தான் கூகுள் அதை மேலே வைப்பதா, யாரும் எட்டிப் பார்க்காத ஐந்தாம் பக்கத்தில் தள்ளுவதா என்று முடிவு செய்யும். நாலு பெரிய மனிதர்களின் சிபாரிசு போலத்தான். எங்களிடம் வரும் கடைக்காரர்களுக்கு அந்தச் சிபாரிசை வாங்கிக் கொடுக்க வேண்டும். மற்ற கம்பெனிகள் இதற்கு மின்னஞ்சல் அனுப்பும். கெஞ்சும், கட்டுரை எழுதித் தருகிறேன் என்று சொல்லும், மறுபடி கெஞ்சும். பத்தில் ஒன்று விழுந்தால் கேக் வெட்டுவார்கள். லிங்க் அண்ணன் மின்னஞ்சல் அனுப்பவே மாட்டார். நேரே அந்த வெப்சைட்காரர் வீட்டு வாசலில் போய் நிற்பார்.

அதற்கு முன்னால் அவர் காடி இழுக்கிற வேலையில் இருந்தார். பேங்க் திருப்பிக் கேட்கும் கார்களை எங்கே ஒளித்து வைத்தாலும் தேடிப் பிடித்து ஓட்டிக்கொண்டு வருவது. ஒருநாள் செராஸில் கார் வொர்க்ஷாப் வைத்திருந்த சிநேகிதர் ஒருவர், வெப்சைட் போட்டும் ஒருத்தனும் வருவதில்லை என்று இவரிடம் புலம்பியிருக்கிறார். கார் பைத்தியம் பிடித்த ஒருவன் எழுதும் பக்கத்தில் நம் பெயருக்கு லிங்க் வந்தால் போதும் என்று வெப்சைட் செய்து கொடுத்தவன் சொன்னானாம். இவர் அந்தக் கார் பைத்தியத்தின் வீட்டைக் கண்டுபிடித்து, காலை பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டினார். மத்தியானமே லிங்க் வந்துவிட்டது. இதில் ஒரு தொழில் இருக்கிறது என்று அன்றைக்கே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதுவும் காடி இழுக்குற மாதிரிதான் மா," என்று என்னை வேலைக்கு எடுத்த அன்று சொன்னார். "அட்ரஸ் இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. அட்ரஸ் நீ குடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

முகவரி கொடுப்பது அப்போது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு வெப்சைட்டின் பெயரை யார் வாங்கினார்கள் என்று பதிவேட்டில் தேடினால் ஆள் பெயர், வீட்டு எண், தாமான் என்கிற குடியிருப்பின் பெயர், போன் நம்பர் எல்லாம் வந்து விழும். இப்போது அதையெல்லாம் மறைத்து வைத்துவிட்டார்கள். அப்போது பாதிப் பேர் தங்கள் வீட்டு முகவரி உலகம் பூராவுக்கும் தெரிகிறது என்பதே தெரியாமல் இருந்தார்கள். நான் அதை எடுத்து ஒரு பட்டியலாகப் போட்டு, அச்சடித்து, அவர் கையில் கொடுப்பேன். எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

வாசலில் நின்று அவர் என்ன பேசுவார் என்று ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. பிறகு கூடப் போனபோது பார்த்தேன். கத்த மாட்டார், கெட்ட வார்த்தை கிடையாது. அண்ணே, தம்பி, பாஸ் என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி மரியாதையாகத்தான் தொடங்குவார். ஆனால் பேசும்போது கையை அந்த ஆளின் தோளில் வைத்துவிடுவார். பேச்சு முடியும்வரை எடுக்க மாட்டார். கட்டைவிரல் கழுத்துப் பக்கம் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். உள்ளே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்துவிடுவார்கள்.

போதாதவர்களுக்குத்தான் கடிகாரம்.

முதல் முறை நான் பார்த்தது எங்கள் மாடிப்படியில். ஒரு வெப்சைட் டிசைனர், நல்ல பையன் மாதிரி இருப்பார், லிங்க் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு அதற்குள் ஒரு வார்த்தையைச் செருகி வைத்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு லிங்க் தெரியும், சொடுக்கினால் போகும். ஆனால் கூகுளுக்கு மட்டும் 'இதைக் கணக்கில் எடுக்காதே' என்று சொல்லும் வார்த்தை அது. கண்டுபிடித்தது நான். கண்டுபிடித்த பெருமையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அண்ணனிடம் சொல்லியும் விட்டேன். இரண்டு முறை விளக்கச் சொல்லிக் கேட்டார்.

"அப்ப போட்ட மாதிரி காட்டிட்டு, போடல. அதானே?"

"அப்படித்தான்ணே."

டிசைனரை ஆபீஸுக்கு வரவழைத்தார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த ஆளின் தலைமுடியைப் பிடித்து மாடிப்படி வரை இழுத்துக்கொண்டு போனார். முகத்தைக் கைப்பிடிக் கம்பியில் மோதிய சத்தம் கீழே மாலைக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். முன்பல் ஒன்று படி படியாகக் குதித்து இறங்கியது. கடிகாரத்தைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டே போய் வாந்தி எடுத்தேன்.

அதற்கப்புறம் செய்ததுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. அந்த ஆளை அவரே தூக்கி உட்கார வைத்து, முகம் கழுவிவிட்டு, ஐஸ் வாங்கி வந்து வாயில் வைத்தார். பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மெல்ல முடியாது என்று சோற்றில் ரசத்தை ஊற்றி, இவரே பிசைந்து வைத்துக்கொண்டிருந்தார். டிசைனர் அழுதுகொண்டே சாப்பிட்டார். லிங்க் சரியாகிவிட்டது.

இவ்வளவு பார்த்த பிறகும் ஏன் வேலையை விடவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள், நியாயம்தான். மோனோரெயில் ஸ்டேஷனில் ஒருவன் மூன்று வாரமாக என் பின்னால் வந்துகொண்டிருந்தான். கூட்டத்தில் கையைப் போடுவான், திரும்பினால் போனைப் பார்ப்பான். அண்ணனிடம் நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே கேட்டார். மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றார். "யாரு?" என்றார். நான் கையை நீட்டிக் காட்டினேன். கடிகாரம் என் கைக்கு வந்தது. அவன் மணிக்கட்டை மடக்கி, அது நொறுங்கும் வரைக்கும் பிடித்திருந்தார். அவன் போட்ட கூச்சலில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு தின்றேன்.

அதிலிருந்து அவர் எனக்குச் சொந்த அண்ணனாகிவிட்டார். அவருக்கும் நான் தங்கச்சி. வாடிக்கையாளர்கள் வந்தால் என்னைக் காட்டி, "என் தங்கச்சி குடுத்த அட்ரஸ் தப்பாவே ஆகாது லா" என்பார். பெற்ற அப்பா என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இவர் சொன்னபோது உள்ளுக்குள் குளிர்ந்துபோய்விடும். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்வது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

ஒருமுறை ஒரு முகவரி பழையதோ என்று சந்தேகம் வந்தது. பட்டியலில் அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தேன். அண்ணன் அதன்மேல் விரலை வைத்தார்.

"இது என்னா மா?"

"ஆள் மாறியிருக்கலாம்ணே. நிச்சயமா தெரியல."

"வாசல்ல நிக்கும்போது எனக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது மா. சந்தேகம் இருந்துச்சுனா கை ஒழுங்கா பேசாது. நீ நிச்சயம் பண்ணிட்டுக் குடு, இல்லாட்டி குடுக்காத."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் கேள்விக்குறி போட்டதே இல்லை.

டெங்கில் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டுரியான் பழம் பற்றி எழுதுகிறவர். வாசலில் நின்று கேட்டபோது, அது என்னுடைய வெப்சைட்டே இல்லை என்று சாதித்தார். பெயர் மாறியிருக்கும், ஆள் மாறியிருக்கும், நான் ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் என்று சத்தியம் பண்ணினார். ஓர் அறை விழுந்ததும் உள்ளே போய்ப் பாஸ்வர்டு அடித்துத் திறந்தார். காரில் திரும்பி வரும்போது அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியா? எல்லாரும் முதல்ல இல்லன்னுதான் சொல்லுவான். காடி இழுக்கும்போதும் அப்புடித்தான், இது என் காடி இல்ல பாஸ்ம்பான். சாவி அவன் பாக்கெட்லயே இருக்கும்." நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு கிள்ளானிலிருந்து பெட்டிக்காரர் வந்தார். சவப்பெட்டி, அலங்கார வேன், பந்தல், மேளம், எல்லாம் ஒரே இடத்தில் செய்து தருகிறவர். வீட்டில் யாராவது இறந்துபோனால் இப்போது ஜனங்கள் போனை எடுத்துத்தான் தேடுகிறார்கள். தேடினால் இவருடைய போட்டியாளர் முதலில் வருகிறார், இவர் எங்கோ கிடக்கிறார். நான் தோண்டிப் பார்த்தேன். காரணம் ஒரே ஒரு லிங்க். மரண அறிவிப்புகள் மட்டும் போடும் ஒரு வெப்சைட் இருந்தது. கிள்ளான் பக்கத்துத் தமிழ் வீடுகளில் சாவு விழுந்தால் அதில் படமும் பிரேதம் எடுக்கும் நேரமும் வந்துவிடும். ஊரே அதைப் பார்க்கும், அதனால் கூகுளும் அதை மதிக்கும். போட்டியாளருக்கு அதிலிருந்து லிங்க் இருந்தது. பெட்டிக்காரருக்கு இல்லை.

பதிவேட்டில் தேடினேன். பெயர் வந்தது, ஜெஞ்சாரோமில் ஒரு தாமான் வீடு வந்தது. பதிந்து பல வருடம் ஆகியிருந்தது. கூட இருந்த போன் நம்பரை அடித்துப் பார்த்தேன், அது உபயோகத்திலேயே இல்லை. நிச்சயம் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். முகவரியை அச்சடித்துக் கொடுத்தேன். எட்டாக மடித்துப் பையில் வைத்தார்.

"லேப்டாப் எடுத்துக்கிட்டு நீயும் வா மா," என்றார். டிசைனர் ஏமாற்றியதிலிருந்து முக்கியமான இடங்களுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கையோடு போட வைத்து, சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று அங்கேயே நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காலை பதினோரு மணி இருக்கும். ரோட்டோரமாக, எண்ணெய் ஆட்டும் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஒன்று நின்றது. கதவு திறந்தே கிடந்தது. கைலி கட்டிய ஒருவர் மேசையில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கண்ணாடிக் குவளையில் தே. பின்கட்டில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். வீட்டுக்குள் செருப்போடு நுழைய மாட்டார், அடிக்கப் போன வீடாக இருந்தாலும். தோளில் கையை வைத்தார்.

"அண்ணே, சாப்புடுங்க, சாப்புடுங்க. சாவு அறிவிப்பு போடுற வெப்சைட் உங்களுதுதானே?"

"என்னா பாஸ்?"

"வெப்சைட்டுண்ணே."

"நான் பழம் லோரி ஓட்டறேன் பாஸ். வெப்சைட்டுலாம் எனக்கு எங்க லா தெரியும்?"

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். டெங்கில்காரரை நினைத்துக்கொண்டார் என்று தெரிந்தது. கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். வாங்கினேன். லேப்டாப்பை வைக்க மேசையில் இடம் தேடியபோது சாஸ் போத்தலுக்கு அடியில் கரெண்ட் பில் இருந்தது. அதில் இருந்த பெயர் என்னிடம் இருந்த பெயர் இல்லை.

முதல் அடி கன்னத்தில். தோசைத் தட்டு தரையில் விழுந்து சுழன்றது. இரண்டாவது காதோடு சேர்த்து. "தெரியாது பாஸ், சத்தியமா தெரியாது" என்றார் அவர். தம்பி பெயரிலோ மச்சான் பெயரிலோ பதிந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வயிற்றில், ஆள் நாற்காலியோடு சரிந்தார். கைலி அவிழ்ந்து போயிற்று. அடி வாங்கிக்கொண்டே ஒரு கையால் அதை இழுத்துக் கட்டப் பார்த்தார். நான்காவது விலாவில், காலால். ஐந்தாவதும் அங்கேயே. ஆறாவது தடவை தலையைப் பிடித்து மேசைக் காலில் மோதினார். பல்லிலிருந்து ரத்தம் நூலாக இறங்கியது. இப்போது சொன்னால் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்பார், தங்கச்சி கொடுத்த அட்ரஸ் தப்பு என்று ஆகிவிடும். அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது இதுதான். ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார், நான் என் பேரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இவர் இல்ல. நிறுத்துங்க. பேரு வேற."

கத்தித்தான் சொன்னேன். அவர் நின்றார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார், மேசையில் இருந்த பில்லைப் பார்த்தார். கேட்டுவிட்டது, புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. அப்புறம் மேசையில் இருந்த தே குவளையை எடுத்து அந்த மனிதரின் முகத்தில் அடித்தார். குவளை உடைந்து வலது கண்ணுக்குள் போயிற்று.

அதற்கு முன் எட்டு முறையும் அவர் வெறும் கையால்தான் அடித்திருக்கிறார். பொருள் எடுத்து அடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பின்கட்டிலிருந்து மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தார். அவர் அலறியதை எழுத எனக்கு வார்த்தை இல்லை. அண்ணன் அந்த மனிதரைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் போட்டார். கிள்ளான் ஆஸ்பத்திரி வரைக்கும் ஹார்னில் வைத்த கையை எடுக்கவில்லை. சிக்னலில் வழி விடாதவனைப் பார்த்து அழுதுகொண்டே திட்டினார். பின் சீட்டில் மனைவி கணவரின் தலையை மடியில் வைத்திருக்க, நான் துண்டால் கண்ணை அமுக்கிப் பிடித்திருந்தேன். துண்டு முழுக்க நனைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு அண்ணன் ஓடிப் போகவில்லை. நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்து அங்கேயே பிடித்துக்கொண்டு போனார்கள்.

சில நாளில் ஜாமீனில் வெளியே வந்தார். மறுநாள் நான் விரிவாக வாக்குமூலம் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் வழக்கமாகத் தே குடிக்கும் கடைக்கு வரச் சொன்னார். போனேன். மெலிந்துபோயிருந்தார். எனக்குத் தோசை சொன்னார், நான் பிய்த்துப் பிய்த்து வைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும் மா. நான் அடிச்சு முடிச்சதுக்கு அப்புறம்தான் நீ சொன்னேன்னு சொல்லிரு. லாயர் சொல்றாரு, அதுலதான் எல்லாம் இருக்காம்."

"நான் முன்னாடியே சொன்னேன்ணே."

"தெரியும்."

"கேட்டுச்சா உங்களுக்கு?"

தே குவளையைத் தள்ளி வைத்தார். "கேட்டுச்சு மா. கேட்டதும்தான் எனக்குக் கோவமே வந்துச்சு. அது வரைக்கும் கோவம்லாம் இல்ல, வேலை. இவன் இல்லன்னா, நான் அது வரைக்கும் அடிச்சது என்னாது? அத எங்க கொண்டு போய் வெக்கிறது?"

சொல்லிவிட்டு மேசைக்கு மேலாகக் கையை நீட்டி என் தோளில் வைத்தார். இரண்டு வருடத்தில் என்னை அவர் தொட்டதே இல்லை. கட்டைவிரல் கழுத்துப் பக்கம் இருந்தது. எத்தனை வாசல்களில் அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். இப்போது கீழே இருந்தது என் தோள். அப்புறம் கையை எடுத்து, கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். டிஷ்யூவை எடுத்து மணிக்கட்டு வியர்வையைத் துடைத்தார். துடைத்து முடித்து மறுபடி கட்டிக்கொண்டார். வியர்வைக்காகத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரும் சொல்லப் போவதில்லை.

"சாப்புடு மா. ஆறிப் போவுது," என்றார்.

மறுநாள் போய் உள்ளதைச் சொன்னேன். நான் சொன்னேன், அவர் நின்றார், பார்த்தார், அதன் பிறகுதான் குவளையை எடுத்தார். கையெழுத்துப் போட்டேன். வாசலுக்கு வந்ததும் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. சரியாக நடந்துகொண்டேன் என்று நினைத்தேன். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்தது. மரண அறிவிப்பு வெப்சைட்டின் அசல் சொந்தக்காரர் எப்போதோ அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிள்ளானுக்குக் குடி போயிருந்தார். வாடகைக்கு இருந்தவருக்கு என்ன ஆனது, எதற்காக ஆனது என்று கேள்விப்பட்டதும், யாரும் கேட்காமலே பெட்டிக்காரருக்கு லிங்க் போட்டுவிட்டார். முதல் பக்கத்தில், நல்ல பெரிய எழுத்தில், எந்தத் திருட்டு வார்த்தையும் இல்லாமல். நான் அவருக்குப் போன் அடித்தேன். தயவுசெய்து எடுத்துவிடுங்கள், இனிமேல் யாரும் வர மாட்டார்கள் என்றேன்.

"இருக்கட்டும் மா," என்றார். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

பெட்டிக்காரர் முதலிடத்துக்கு வந்தார். என்னைக் கூப்பிட்டு, அண்ணன் நல்லா வேலை செய்யறாரு, இன்னும் ரெண்டு லிங்க் கிடைக்குமா என்று கேட்டார். அவருக்குக் கண் விஷயம் தெரியும். தெரிந்துதான் கேட்டார். வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டிவிட்டுப் போனை வைத்தேன்.

கோர்ட்டில் அண்ணன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நடந்ததை வாசித்தபோது, என் வாக்குமூலம் வந்த இடத்தில், லாயர் ஏதோ எழுந்து சொல்லப் போனார். அண்ணன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "தங்கச்சி சொன்னது சரிதான்" என்று அவர் சொன்னது மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. அவரை ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது என்னைத் தேடிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதில் கோபம் இல்லை. நான் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஒருநாள் ஜெஞ்சாரோமுக்குப் போனேன். ரோட்டோரத்தில் லோரி இல்லை. ஓட்டுநர் உள்ளே படுத்திருந்தார் போல, ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கேட் வரைக்கும் வந்தார். பூட்டைத் திறக்கவில்லை. வாங்கிக்கொண்டு போன பழத்தையும் வாங்கவில்லை.

"அக்கா, நான் உள்ளதத்தான் சொன்னேன்," என்றேன். "அவர் எவ்வளவு கேட்டும் பொய் சொல்லல. நிறுத்துங்கன்னு முன்னாடியே சொன்னேன்னு சொல்லிட்டேன்."

"தெரியும். நானும் கோர்ட்லதான் இருந்தேன்."

அதோடு திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைசி அடிக்கு முன்னாடி சொன்னே. சரி. நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி எத்தன அடி விழுந்துச்சு?"

ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். போலீஸ் அதைக் கேட்கவில்லை, கோர்ட்டும் கேட்கவில்லை.

"ஆறு, அக்கா," என்றேன்.